ஃபால்கனின் வயிற்றுக்குள்: தகடா, அச்சா, பித்தளையா, காகிதமா?

எங்கள் வீட்டுப் பீரோவின் மேல், கொலு பொம்மைப் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பெரிய அட்டைப்பெட்டி மூன்று வருடமாகக் கிடந்தது. உள்ளே ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் விண்கப்பலான மில்லேனியம் ஃபால்கன், 1/72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக. ஜப்பானின் ஃபைன் மோல்ட்ஸ் கம்பெனி 2005-ல் கொண்டுவந்த, ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட். என்னிடம் இருப்பது ரெவெல் என்ற இன்னொரு கம்பெனி தன் பெட்டியில் போட்டு விற்றது. கட்டி முடித்தால் 48 சென்டிமீட்டர் வரும். வருடா வருடம் நவராத்திரிக்கு பொம்மைகளோடு அதுவும் கீழே இறங்கும். "இந்த வருஷமாவது கட்டுவீங்களா, இல்ல இப்படியே பெட்டியோட படியில வெச்சிடட்டுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். திரும்ப மேலே ஏறிவிடும்.

போன முறை ஏறவில்லை. காரணம் அக்கா பையன். கே.ஜி.எஃப்.பிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்தவன். ஞாயிறு சாப்பாட்டுக்கு அல்சூரில் எங்கள் வீடு. அறை நண்பர்களோடு பங்கு போட்டு ஒரு ரெசின் பிரிண்டர், அதாவது பிசின் திரவத்தை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கிப் பொருளாக்கும் 3டி மெஷின், வாங்கி வைத்திருக்கிறான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, உள்ள இருக்கறது எல்லாத்தையும் பிரிண்ட் போட்டுடலாம். ஒரே ராத்திரி வேலை" என்றான். அந்த ஒரே ராத்திரி நாலு மாதம் ஆனது. ஆனால் உள்ளறை கட்ட இருக்கும் வழிகளை எல்லாம் கையால் செய்து பார்த்துவிட்டோம். எது எதற்கு உதவும், எதில் காசும் பொறுமையும் வீணாகும் என்று இப்போது என்னால் சொல்ல முடியும்.

முதலில் எங்கள் கண்ணைத் திறந்த ஒரு விஷயம். இந்தக் கப்பலின் உள்ளறைகள் இந்தக் கப்பலுக்குள் அடங்காது. படத்தில் ஆட்கள் நடமாடும் அறைகள் ஸ்டுடியோவில் தனித்தனி செட்டாக, கேமரா நகர வசதியாகக் கட்டப்பட்டவை. முதல் படத்துக்குக் கப்பலின் வெளிப்புறத்தில் ஒரு பகுதியைத்தான் நிஜ அளவில் கட்டினார்கள். முழுக் கப்பலை இரண்டாம் படத்துக்காக 1979-ல் வேல்ஸில் பெம்ப்ரோக் டாக் என்ற ஊரில், ஒரு பழைய விமானக் கொட்டகைக்குள் கட்டினார்கள். அந்த வெளிக்கூட்டையும் இந்த உள்ளறைகளையும் யாரும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்திப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. விளைவு, ரசிகர்கள் வரைந்த வரைபடம் எத்தனை இருந்தாலும் எங்கேயோ ஒரு கூரை தலையில் இடிக்கும், ஒரு நடைவழி சுவரைத் துளைத்து வெளியே போகும். அதனால் "எந்த வழியில் செய்தால் அச்சு அசலாக வரும்?" என்ற கேள்வியை நாங்கள் மூட்டை கட்டி வைத்தோம். ஜன்னல் வழியே கண் எங்கே போகிறது என்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு.

இதைச் சோதிக்கச் செலவு கிடையாது. தினசரிக் காலண்டர் தாளில் நாலு நாற்காலி, ஒரு பின்சுவர் மடித்து, ஃபெவிகால் தொட்டு, விமானி அறைக்குள் வைத்து, முன்கண்ணாடியை ஒட்டாமல் பிடித்துக்கொண்டு பாருங்கள். நான் வாரக்கணக்கில் கனவு கண்டுகொண்டிருந்த முன் டேஷ்போர்டு முன்னாலிருந்து தெரியவே இல்லை. அது பைலட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, நமக்கு அதன் முதுகுதான். பளிச்சென்று தெரிந்தது பின்சுவர். அடுத்தபடி நாற்காலிகளின் தோள்பகுதி. தரை சுத்தமாகத் தெரியவில்லை. தரையில் வார்ப்பட இரும்புத் தட்டு மாதிரி வரி போட வேண்டும் என்று பையன் பிரிண்டருக்காகக் கம்ப்யூட்டரில் கோப்பு வரைந்து வைத்திருந்தான். அந்தக் கோப்பு அன்றோடு சரி.

இனி வழிகள். ஸ்டைரின் தகட்டில் இருந்து தொடங்குகிறேன், என் கை அதில்தான் பழகியது.

கால், அரை, ஒரு மில்லிமீட்டர் தடிமனில் வெள்ளைத் தகடாக வரும். ஹாபி கத்தியால் இரண்டு முறை கீறி மடக்கினால் பிஸ்கட் மாதிரி நேராக உடையும். கிட்டின் பிளாஸ்டிக்கும் இதுவும் ஒரே சாதி என்பதால் தண்ணீர் மாதிரி இருக்கும் மாடல் சிமெண்ட் என்ற பசையை மூட்டில் தொட்டால் போதும், இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். வெட்டிய இடம் தவறினால் இன்னொரு துண்டு; நஷ்டம் சில ரூபாய். 1/72-ல் அரை மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 36 மில்லிமீட்டர், ஒரு கப்பல் சுவருக்குச் சரியான கனம். பெட்டி, சுவர், கூரை, கதவுச் சட்டம் எல்லாவற்றுக்கும் இதை அடிக்க ஆளில்லை. பையனின் பிரிண்டரில் ஒரு தட்டைச் சுவர் அச்சிட்டோம். நான்கு மணி நேரம் ஓடி, ஒரு மூலை சுருண்டு வந்தது. அதே சுவரை நான் காபி ஆறுவதற்குள் வெட்டினேன். இதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் தகடு வளைவைக் கண்டால் சண்டித்தனம் செய்யும். இந்தக் கப்பலின் நடைவழிகளில் வாசலுக்கு வாசல் தடித்த மெத்தை வளையங்கள் வரும். தகட்டை வெந்நீரில் முக்கி, குழாயில் சுற்றி டேப் போட்டுப் பார்த்தேன். ஆறியதும் பாதி நிமிர்ந்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது எம்-சீல். ஆம், குழாய் ஒழுகலுக்கு வாங்குவோமே, அதேதான். அதில் வரும் இரண்டு மாவையும் பிசைந்து, தண்ணீர் தொட்ட விரலால் தேன்குழல் மாதிரி உருட்டி, பேனா மூடியைச் சுற்றி வளையமாக்கி, இறுகுவதற்கு முன் கத்தி முதுகால் இடைவெளி விட்டு அழுத்தினால் தையல் போட்ட மெத்தை ரெடி. அழுத்தும் இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். எனக்கு முதல் மூன்று வளையம் குழந்தை பிழிந்த முறுக்கு மாதிரி வந்தது, நாலாவது தேறியது.

அடுத்து அச்சு. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்று என்று நினைத்து நான் ஏமாந்தேன். பையன் பரீட்சையில் இருந்த சமயம் நாற்காலிகளை வெளியே ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். "ஃபைன் குவாலிட்டி சார்" என்றார்கள். வந்தது பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் மெஷினில் போட்டது. இழை வெளிவரும் மூக்கு 0.4 மில்லிமீட்டர்; 1/72-ல் அது நிஜத்தின் 29 மில்லிமீட்டர். கை விரலைவிடத் தடித்த கயிற்றால் நாற்காலி பின்னிய மாதிரி இருந்தது. கேட்டதற்கு "மணல் தாள் போட்டுத் தேயுங்க சார்" என்றார்கள். 6 மில்லிமீட்டர் உயர இருக்கையில் எதைத் தேய்ப்பது, எதை விடுவது?

ரெசின் பிரிண்டர் வேறு ஜாதி. அடுக்கு 0.05 மில்லிமீட்டர், நிஜத்தில் 3.6 மில்லிமீட்டர். பெயிண்ட் ஒரு பூச்சு ஏறினால் வரி மறைந்துவிடும். நாற்காலி, லீவர், மேஜை, மனித உருவம் போன்ற உருண்டு திரண்ட சாமான்களுக்கு இதுதான். பையன் போட்ட நாற்காலியை நகத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது தலைசாய்ப்பின் மடிப்புகூடத் தெரிந்தது. அந்த விஷயத்தில் அவனிடம் தோற்றதில் எனக்கு வெட்கமில்லை.

இதன் தொல்லைகளை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் கோப்புகள் பெரும்பாலும் பெரிய அளவுக்கு வரைந்தவை. 1/12-க்கு வரைந்த நாற்காலியை ஆறில் ஒன்றாகச் சுருக்கினால், ஒரு மில்லிமீட்டர் கைப்பிடி 0.17 மில்லிமீட்டர் ஆகிவிடும். அது அச்சாகாது; அச்சானாலும், அச்சின்போது பாகத்தைத் தாங்கி நிற்கும் தாங்குகம்பியை நறுக்கும்போது அதோடு போய்விடும். மெல்லிய பாகங்களைக் கோப்பிலேயே தடிமனாக்கித்தான் போட வேண்டும், அது தெரியாதவருக்கு ரெசின் வழி பாதியில் நின்றுவிடும். இரண்டாவது, குளிர். பெங்களூர் டிசம்பர் ராத்திரியில் ரெசின் தேன் மாதிரி கெட்டியாகிவிடுகிறது. பையனின் "ஒரே ராத்திரி" அச்சில் எட்டு நாற்காலிக்கு ஐந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி ஊற்றினான், பகலில் ஓட்டினான், சரியானது. மூன்றாவது, வாசனையும் அரிப்பும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் அரிப்பு கிளப்பும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது, அச்சான பாகங்களைக் கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. சின்னப் பிள்ளை இருக்கும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில், வாஷிங் மெஷின் பக்கத்து யுட்டிலிட்டியில் இதை வைத்து ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அவனுடைய மாடி அறையிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். உங்களுக்கு அப்படி ஒரு பையன் இல்லையென்றால், நாலு நாற்காலிக்காகப் பிரிண்டர் வாங்காதீர்கள். ரெசினில் போட்டுத் தருபவரைத் தேடுங்கள், 'எந்த மெஷின்?' என்று முதலில் கேளுங்கள்.

பித்தளை எட்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமிலத்தில் அரித்து எடுத்த மெல்லிய தகடு, பொத்தான், கம்பிவலை, சட்டம் என்று பார்க்க நகைக்கடை மாதிரி இருக்கும். கம்பிவலைக்கும் படிக்கட்டுக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இங்கே எளிதில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். என் பார்சல் எங்கெங்கோ உட்கார்ந்திருந்து இரண்டு மாதம் கழித்து, கிட் விலையில் கணிசமான பங்கை வரியும் தபால் செலவுமாகத் தின்றுவிட்டு வந்தது. போதாக்குறைக்கு மாடல் சிமெண்ட் பித்தளையைக் கவ்வாது, ஃபெவிக்விக்தான். அதன் ஆவி மூடிய இடத்தில் கண்ணாடிப் பாகத்தின் மேல் வெள்ளையாகப் படியும். நான் விமானி அறையை மூடி, அடுத்த நாள் காலை பார்த்தபோது முன்கண்ணாடி ஊட்டிப் பனியில் நின்ற பஸ் மாதிரி இருந்தது. பற்பசை போட்டுத் தேய்த்து முக்கால்வாசி மீட்டேன். கால்வாசி இன்னும் மங்கல்தான். பித்தளையும் ரெசினும் ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். கண்ணாடியை ஃபெவிகாலால் ஒட்டுங்கள். எட்ச் தகட்டில் நாங்கள் பயன்படுத்தியது பத்தில் ஒரு பங்கு. மீதி டப்பாவில்.

நாங்கள் கடைசியாக, வேறு வழியில்லாமல் தொட்டது காகிதம். இப்போது என்னிடம் யாராவது உள்ளறை பற்றிக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

கருவிப் பலகைகளை நான்கு மடங்கு பெரிதாக, அதாவது 1/18 அளவில், வெள்ளைத் தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் வரைந்தேன். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் 25 சதவீதத்துக்குச் சுருக்கச் சொன்னால் சரியாக 1/72. கை நடுக்கமும் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால் என் கோணல் கோடெல்லாம் இயந்திரம் போட்டது மாதிரி ஆகிவிட்டது. 600 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி அச்சில், ஒரு புள்ளி 0.042 மில்லிமீட்டர், நிஜத்தில் 3 மில்லிமீட்டர். இவ்வளவு நுணுக்கம் கையால் பெயிண்ட் அடித்து வரவே வராது. இங்க்ஜெட் வேண்டாம், ஃபெவிகால் ஈரம் பட்டால் கசியும். லேசர்தான்.

அதையே ஓ.எச்.பி. ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் எடுத்தால் வேறு மாயம். கறுப்புப் பின்னணியில் விளக்குகள் இருக்கும் இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டு வரைந்து பிரதி எடுத்தோம். பின்னால் ஒளி வைத்ததும் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. ஒரு தாள் மட்டும் போட்டபோது கறுப்புக்குள்ளும் ஒளி கசிந்து சாம்பல் பூத்தது. டோனர் அவ்வளவு அடர்த்தியில்லை. ஒரே பிரதி இரண்டு எடுத்து ஒன்றன் மேல் ஒன்று பொருத்தியதும் கறுப்பு கறுப்பானது. பொருத்துவதுதான் பாடு: சாமணத்தில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, நகர்த்தி, மூச்சை அடக்கி, ஓரத்தில் ஒரு துளி. சிவப்பு, மஞ்சள் புள்ளிகளுக்குப் பின்பக்கம் மார்க்கரால் தொட்டால் போதும். மொத்தச் செலவு அன்றைய டீ செலவைத் தாண்டவில்லை.

காகிதத்துக்கு ஒரே குறை, அதற்கு உடம்பு கிடையாது. பக்கவாட்டில் பார்த்தால் தட்டை. மேலே துருத்தும் சாமான் சிலது கூடவே ஒட்ட வேண்டும். இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்காதீர்கள். எழுபதுகளில் இந்த மாதிரி படங்களுக்கு மாடல் செய்தவர்களே டாங்கி, விமானக் கிட்களை உடைத்துத்தான் கப்பல்மேல் ஒட்டினார்கள். எங்களுக்கு உதவியவை: செத்துப்போன மொபைலின் கனெக்டர், ரீஃபில் ஸ்பிரிங், சாஷே மூலையில் இருக்கும் பல்வரிசை, மாத்திரை அட்டையின் கோப்பை. பி.பி. மாத்திரை அட்டையின் ஒரு குமிழ் பின்சுவரில் அழுத்தக் கதவாக உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை பெயர் சொன்னால்தான் தெரியும்.

விளக்குக்கு, பெங்களூரின் எலெக்ட்ரானிக் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு. மல்லேஸ்வரத்திலிருந்தோ ஒயிட்ஃபீல்டிலிருந்தோ ஆன்லைனில் தட்டுவதைவிட நேரில் போங்கள், எல்.இ.டி.யைக் கொளுத்திக் காட்டச் சொல்லலாம். வெள்ளையில் நீலம் பாய்ந்த வெள்ளையும் மஞ்சள் பாய்ந்த வெள்ளையும் உண்டு, கப்பலுக்கு இரண்டாவது. கடைக்காரர் "எஷ்டு பேக்கு?" (எத்தனை வேணும்?) என்று கன்னடத்தில் கேட்டார். "பத்து" என்றேன். "பத்தா? கல்யாண மண்டபத்துக்கு வேணும்னு நெனச்சேன்" என்று தமிழுக்கு மாறினார். 0603 என்ற அளவுக் குறியைச் சொல்லிக் கேட்டால் 1.6-க்கு 0.8 மில்லிமீட்டர் அளவில் அரிசிக் குறுணை மாதிரி கொடுப்பார்கள். எனாமல் வயர் ஏற்கெனவே பற்றவைத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள், கூட நாலு ரூபாய் போனாலும் கண் மிஞ்சும். 9 வோல்ட் பேட்டரிக்கு 330 ஓம் ரெசிஸ்டர் போட்டால் முழு வெளிச்சம், அது இந்தச் சின்ன அறைக்கு மேட்ச் நடக்கும் ஸ்டேடியம். 1.2 கிலோ ஓம் போட்டு மங்கலாக்கினோம், கப்பல் கப்பலாக ஆனது. கிட் பிளாஸ்டிக் ஒளியை விடும். உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை பூசாவிட்டால் கப்பலே டியூப்லைட் மாதிரி எரியும். பெயிண்டை மழை நாளில் அடிக்க வேண்டாம். லாக்கர் பெயிண்ட் ஈரம் குடித்து வெளுத்துவிடும், யுட்டிலிட்டியில் ஒரு தடவை அடித்து அனுபவித்தேன்.

பின்சுவரில் ஓ.எச்.பி. போக, ஒளியைக் கடத்தும் 0.25 மில்லிமீட்டர் ஃபைபர் பதினேழு இழை சொருகினோம். ஒன்று நிஜத்தில் 18 மில்லிமீட்டர் விளக்கு, அளவு பிசகவில்லை. 0.75 போட்டிருந்தால் சுவர் முழுக்க ஹெட்லைட்.

ஆக விமானி அறையில் சண்டை முடிந்தது: சுவர் தகடு, நாற்காலி ரெசின், பலகை காகிதமும் ஓ.எச்.பி.யும், பித்தளை ஒரே ஒரு கம்பிவலை. உங்கள் கிட் 1/144 என்றால் இதில் ரெசினையும் விட்டுவிடுங்கள். ஆள் உயரமே 12 மில்லிமீட்டர், காகிதமும் ஒரு விளக்கும் போதும். 1/350 கப்பல்களில் ஜன்னலுக்குப் பின்னால் அச்சிட்ட அறைப்படம் ஒன்றை ஒட்டினால் வேலை முடிந்தது. எதிர்ப்பக்கம் 1/24, 1/32 என்று பெரிதாகப் போனால் காகிதம் பல்லிளித்துவிடும், அங்கே அச்சுக்கே முதல் மரியாதை.

மிச்சம் இருந்தது நடுக்கூடம். வட்ட விளையாட்டு மேஜை, அதைச் சுற்றி வளைந்த இருக்கை. அதற்குக் கிட்டில் ஜன்னல் கிடையாது. மேல் ஓட்டை அறுத்து, காந்தம் வைத்துக் கழற்றும் கூரையாக்க வேண்டும் என்பது பையனின் கட்சி. மூன்று வருடம் காத்த ஓட்டில் ரம்பம் வைப்பதா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அறுத்தாலும், முன்னே சொன்ன அதே வம்பு: கூடம் முழுதாக உள்ளே உட்காராது, கூரையைத் தாழ்த்தி ஏமாற்ற வேண்டும். இரண்டு ஞாயிறு வாக்குவாதம் செய்தோம். மூன்றாவது ஞாயிறு ரசம் ஊற்றும்போது அவனே சொன்னான்: "மாமா, படத்துலயே உள்ளறைய தனியாதானே கட்டினாங்க? நாமளும் தனியா கட்டுவோம். கப்பலுக்குள்ள எதுக்கு?"

அப்படித்தான் கூடம் கப்பலை விட்டு வெளியே வந்தது. தனிப் பெட்டி, 1/24 அளவு, முன்பக்கம் திறந்தது. ஆள் 7 சென்டிமீட்டர் உயரம், மேஜை, இருக்கை எல்லாம் அவன் பிரிண்டரில். பெட்டியும் கூரையும் என் தகட்டில். மெத்தை வளையம் வழக்கம்போல எம்-சீல். நடைவழி முடியும் இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றுச் சாய்த்து வைத்திருக்கிறேன், வழி இன்னும் நீள்கிற மாதிரி தெரிகிறது. அம்மா கொலுப் பூங்காவில் குளத்துக்கு வைத்த முகக்கண்ணாடி ஞாபகத்தில் செய்தது.

அளவை மட்டும் நாங்கள் முடிவு செய்யவில்லை. "செட்டியார் பொம்மைக்குப் பக்கத்துல முப்பது சென்டிமீட்டர் இடம் இருக்கு, அதுக்கு மேல ஒரு நூல் தரமாட்டேன்" என்று வீட்டில் தீர்ப்பு. 1/24-ல் அது 7.2 மீட்டர். இருக்கையின் வலது முனையைச் சுவரோடு வெட்டிவிட்டோம்.